கடற்படை நாளுக்கு ஒரே ஓர் இலை

எங்கள் ஊரில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு பட்டாள வீடு. சந்தவாசலில் இருந்து படவேட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜவ்வாது மலையைப் பார்த்து நடந்தால் முதலில் வருவது முன்னாள் படைவீரர் சங்கத்தின் தகரக் கொட்டகை. அதற்கு அப்புறம்தான் கோயில். நானும் இருபது வருடம் சிக்னல் பிரிவில் கம்பி இழுத்துவிட்டு வந்தவன். அதனாலேயே, பட்டாளத்தைப் பற்றி யாராவது மைக்கைப் பிடித்து நீட்டி முழக்கினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராஜாக்கண்ணுவைப் பற்றிச் சொல்ல அந்த மாதிரிப் பேச்சு எதுவும் தேவையில்லை. அவன் கப்பலில் சமையற்காரனாக இருந்தவன். அவனுக்கு நாங்கள் போட்ட சாப்பாட்டைப் பற்றிச் சொன்னாலே போதும்.

எங்கள் சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏற்படுத்தியவர் தலைவர் சுபேதார் மணிவேல். எந்தப் படையின் நாளோ, அந்தப் படையில் இருந்தவர்கள் இலையில் உட்கார வேண்டும். மற்றப் படைக்காரர்கள் பரிமாற வேண்டும். பரிமாறும் முன் தலைவர் விறைப்பாக நின்று ஒவ்வொருவரிடமும் பேர், பதவி, எங்கே இருந்தாய் என்று கேட்பார். எழுந்து நின்று பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தால்தான் சோறு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் அத்தனை பேரும் தரைப்படை. விமானப்படைக்கு ஒருவனும் போகவில்லை. கடற்படைக்குச் சங்கத்தில் ராஜாக்கண்ணு ஒருவன். ஆக, ஜனவரியில் ராணுவ நாள் வந்தால் நாங்கள் மூன்று பந்தி உட்காருவோம், பரிமாற அவன் ஒருவன்தான். கூடமாட எங்கள் வீட்டுப் பெண்கள். டிசம்பர் நான்காம் தேதி கடற்படை நாள் வந்தால் அவன் ஒருவன் உட்காருவான், நாங்கள் அத்தனை பேரும் கரண்டியோடு அவனைச் சுற்றி நிற்போம்.

எழுபத்தொன்றில் நம் கப்பல்கள் கராச்சித் துறைமுகத்தை அடித்த நாள் அது என்று மணிவேல் வருடா வருடம் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு ராஜாக்கண்ணு ஒற்றை இலையின் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பான். ஒருவன் சோறு வைப்பான், இன்னொருவன் கறிக்குழம்பை ஊற்றுவான், மூன்றாமவன் தான் கொண்டுவந்த பொரியலை இன்னும் தொடவில்லையே என்று கோபித்துக்கொள்வான். மோர் என் பொறுப்பு. சோறு தீரும் முன்னாலேயே நான் சொம்போடு வந்து நிற்பதைப் பார்த்து அவன் பாவமாக ஒரு பார்வை பார்ப்பான். பதினைந்து வருடம் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியைச் சுரண்டித் தின்றவன் அவன். தன்னை உட்காரவைத்துப் பரிமாறினால் அவனுக்குத் தொண்டையில் இறங்காது. ஒருநாள் கடையில் டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னான்: "நீங்கள்லாம் துப்பாக்கி புடிச்சீங்கண்ணா. நான் கரண்டி புடிச்சேன். எனக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்?" துப்பாக்கி பிடித்தவனுக்கு வயிறு கிடையாதா என்று நான் அவனைத் திட்டினேன்.

அவன் கடற்படைக்குப் போனதே ஒரு கூத்து. எண்பத்தொன்பதில் வேலூரில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது இவனும் எதிர்வீட்டுச் சந்திரனும் சேர்ந்து போனார்கள். இருவரையும் உயரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் ஊரில் அந்தப் பதிலோடு வீடு திரும்புவது லேசான காரியம் இல்லை. யாரோ கடற்படைக்கு எழுதிப் போடச் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் வேலை வந்தது. ஒருவன் சமையலுக்கு, ஒருவன் தளத்தில் கயிறும் சங்கிலியும் பார்க்கிற சீமேன் வேலைக்கு. கப்பலேறுகிறான் என்றால் எங்கள் பக்கத்தில் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போகிறான் என்றுதான் அர்த்தம். முதல் விடுப்பில் இவர்கள் வந்து இறங்கிய அன்று பாதி ஊர் கோடாலித் தைலமும் சென்ட்டும் கேட்டு வாசலில் நின்றது. கொடுக்க இவர்களிடம் ஒன்றும் இல்லை. கப்பலேறியும் துப்பில்லாத பயல்கள் என்று என் சித்தப்பாவே சொன்னார்.

ராஜாக்கண்ணுவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவே இல்லை. கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்தால் போதும், குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும். பக்கத்தில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு, அதில் வாந்தி எடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மறுபடி சப்பாத்தி தேய்ப்பானாம். கப்பல் ஆடும்போது பாத்திரம் நழுவாமலிருக்க அடுப்பைச் சுற்றி இரும்புச் சட்டம் இருக்கும் என்பான். வீட்டு அடுப்பில் சட்டம் ஏது? அதனால் இன்றைக்கும் இடது கையால் குண்டானின் விளிம்பைத் துணி போட்டுப் பிடித்துக்கொண்டேதான் கிண்டுகிறான். பணி முடிந்து வந்த புதிதில் இரண்டு பேருக்குச் சமைக்க அவனுக்குக் கை வரவில்லை. முதல் நாள் வைத்த சாம்பாரைத் தெருவுக்கே ஊற்றியும் மிச்சமிருந்தது. அவன் மனைவி திரௌபதி கணியம்பாடிப் பக்கத்துப் பெண், வாய் கொஞ்சம் நீளம். மறுநாளே அவனைச் சமையலறையை விட்டு வெளியே தள்ளி, சந்தவாசல் பஸ் நிற்குமிடத்தில் ஒரு டிபன் கடையைப் போட்டுக் கொடுத்தாள். அந்தக் கடைதான் இன்றுவரை அவர்களுக்குச் சோறு போடுகிறது. ஊர்ப் பிள்ளைகள் யாராவது ஆள் எடுப்புக்குக் கிளம்பினால், முதல் பஸ்ஸுக்கு முன்னால் அவன் கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

சந்திரன் கதை வேறு. அவன் நாலு வருடம் நன்றாகத்தான் இருந்தான். ஐந்தாவது வருடம் விடுப்பில் வந்தபோது, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கிய கொல்லையில் அவன் அப்பாவைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் வழியிலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் அம்மா, கல்யாணமாகாத இரண்டு தங்கைகள், பிடுங்கிப் போட்டது போட்டபடி கொல்லை. விடுப்பு முடிந்தது, அவன் போகவில்லை. காரியம் முடியட்டும் என்றான், அறுவடை முடியட்டும் என்றான், அப்புறம் போகப் பயந்தான். போளூரில் இருந்து போலீஸ் ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனதை ஊரே நின்று பார்த்தது. தண்டனையை அனுபவித்தான். வேலையைப் பறித்து அனுப்பிவிட்டார்கள். ஓய்வூதியம் இல்லை, கேன்டீன் அட்டை இல்லை, சங்கத்தில் பேரும் இல்லை. கொலை செய்தவனைக்கூட எங்கள் ஊர் மன்னித்துவிடும். ஓடி வந்தவனை மன்னிக்காது. எதிரில் வைத்து யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் யார் வீட்டிலாவது பிள்ளை வேலைக்குச் சேர்ந்தால் எல்லாருக்கும் மிட்டாய் போகும், அவன் வீட்டுக்கு மட்டும் போகாது.

அவன் படவேட்டுப் பக்கம் நிலம் குத்தகைக்கு எடுத்து வாழை வைத்தான். தங்கைகளைக் கட்டிக்கொடுத்தான், தானும் கல்யாணம் செய்து ஒரு பெண்ணைப் படிக்க வைத்தான். டிசம்பர் நான்காம் தேதி ராஜாக்கண்ணு உட்காருகிற இலை அவன் தோட்டத்து இலைதான். காலையில் அவனே தேடிப் பார்த்து, கிழிசல் இல்லாத தலைவாழை இலையாக ஒன்றை அறுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, டிவிஎஸ் வண்டியில் கொண்டுவந்து கொட்டகை வாசலில் வைப்பான். "இருடா, சாப்ட்டுப் போ" என்பான் ராஜாக்கண்ணு. மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று சொல்லிவிட்டு அவன் வண்டியைக் கிளப்பிவிடுவான். அவனிடம் மாடு கிடையாது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

போன அக்டோபரில் சந்திரனுக்கு நெஞ்சு வலி வந்தது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து அடைப்பை எடுத்தார்கள். ராஜாக்கண்ணு கடையைத் திரௌபதியிடம் விட்டுவிட்டு அங்கேயே கிடந்தான். ஊர் திரும்பியவன் ஆளே மாறிப்போயிருந்தான். என்னடா என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றான். அப்புறம் ஒருநாள் இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சந்திரன் தன் கையைப் பிடித்துச் சொன்னதை எனக்குச் சொன்னான். "நான் போய்ட்டா என்னைச் சங்கத்து வாசல் வழியா தூக்கிட்டுப் போவாதடா. கொல்லைப் பக்கமா சுத்திக்கிட்டுப் போ." எங்கள் ஊரில் படையில் இருந்தவன் செத்தால் பாடையைச் சங்கத்து வாசலில் இறக்குவோம். தலைவர் மாலை வைப்பார், நாங்கள் நின்று சல்யூட் அடிப்போம். தன்னை இறக்காமல் அந்த வாசலைத் தாண்டிக்கொண்டு போவார்களே என்பதுதான் அவன் பயம். சாவைவிட அதற்குப் பயந்திருக்கிறான். இதைச் சொல்லிவிட்டு ராஜாக்கண்ணு துடைத்த தட்டையே மறுபடி துடைத்தான்.

அடுத்த நாளே அவன் மணிவேல் வீட்டுக்குப் போனான். துணைக்கு என்னையும் கூப்பிட்டான். வருகிற கடற்படை நாளில் சந்திரனுக்கும் ஓர் இலை போட வேண்டும் என்று கேட்டான். வாழ்க்கையில் அவன் வாய் திறந்து யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. மணிவேல் கத்துகிற ஆள் இல்லை. நாற்காலியைக் காட்டி எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த தன் தம்பி பூபாலனின் படத்தைப் பார்த்தார். பூபாலன் காஷ்மீரில் ஒரு காவல் சாவடியில் குண்டடிபட்டுச் செத்தவன். கூட இருந்தவர்கள் பின்வாங்கிய பிறகும் இடத்தை விட்டு அவன் நகரவில்லை என்று அவனோடு வேலை பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்.

"ஓடினவனுக்கு இலை போட்டா, ஓடாம நின்னு செத்தவனுக்கு இன்னா போடுவ ராஜாக்கண்ணு?" என்றார் மணிவேல்.

மணிவேலை நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன், அன்றைக்குத் திட்ட முடியவில்லை. அவர் கேட்டது நியாயம். இருவரும் திரும்பி நடந்தோம்.

டிசம்பர் நான்காம் தேதி வந்தது. மலையில் பனி இறங்கியிருந்தது. கொட்டகையில் கொடியேற்றி, மைக் கட்டி, பாயை விரித்தோம். சந்திரன் வழக்கம்போல் டிவிஎஸ்ஸில் இலையோடு வந்தான். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. அவன் சாக்கைப் பிரித்து இலையை எடுத்துத் திண்டின்மேல் வைக்கிற நேரத்தில், ராஜாக்கண்ணு போய் வண்டியில் இருந்த சாவியை உருவி இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நேவிக்காரன் திருடவும் கற்றுக்கொண்டான் என்று நினைத்தேன். கிளம்புவதற்கு வண்டியிடம் போன சந்திரன் சட்டைப் பையைத் தடவினான், தரையில் தேடினான், அப்புறம் ராஜாக்கண்ணுவின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். நடந்து போயிருக்கலாம். போகவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி வண்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

மணிவேல் கராச்சியைப் பற்றிப் பேசி முடித்தார். இலை போடப்பட்டது. ராஜாக்கண்ணு உட்காரவில்லை. காய் நறுக்குகிற இடத்துக்குப் போய் ஒரு கத்தியை எடுத்துவந்தான். குனிந்து, அந்த நல்ல தலைவாழை இலையின் நடு நரம்பில் கத்தியை வைத்து அதைக் குறுக்கே இரண்டாக அறுத்தான். நுனியுள்ள பாதியைப் பக்கத்து இடத்தில் போட்டான். காம்புப் பக்கத்து மட்டமான பாதியைத் தன் முன்னால் வைத்தான். பந்தியில் நுனி இலை பெரிய மனிதர்களுக்குப் போடுவது. அவன் என்ன செய்கிறான் என்று கொட்டகையில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பரிமாற வந்தவர்களில் இரண்டு பேர் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

"ராஜாக்கண்ணு, இது முடிஞ்சுபோன பேச்சு" என்றார் மணிவேல்.

"நீங்க கேட்டதுக்கு அன்னிக்கு எனக்குப் பதில் வரலைங்க. இப்பவும் பூபாலனுக்கு மேல யாருக்கும் இலை போடச் சொல்லலைங்க" என்றான் ராஜாக்கண்ணு. கத்தியை அவன் இன்னும் கீழே வைக்கவில்லை. "முதல்ல ஓடுனவன் நான்தான். ஒடிசாவுல ட்ரெயினிங்ல இருந்தோமே, அப்ப. ஒரு ஞாயித்துக்கெழமை பொட்டியத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போய்ட்டேன். மெட்ராஸ் வண்டிக்குக் குந்திக்கினு இருந்தேன். சந்திரன்தான் தேடிக்கிட்டு வந்தான். திட்டலைங்க, அடிக்கலைங்க. பக்கத்துல குந்தினான். ரெண்டு வண்டி போச்சு. போறதுன்னா போ, நானும் கூட வர்றேன், ஊர்ல போய் இன்னா சொல்றதுன்னு மட்டும் யோசிச்சு வையின்னான். நான் அழுதேன். அப்புறம் திரும்பிப் போய்ட்டோம்."

வாசலில் பெண்களோடு நின்ற திரௌபதி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். இவ்வளவு வருடத்தில் அவளிடம்கூட அவன் இதைச் சொன்னதில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அன்னிக்கு அவன் வரலைன்னா எனக்குப் பதினஞ்சு வருஷ சர்வீஸும் இல்ல, இந்த இலையும் இல்ல. அவன் ஓடுனப்ப பக்கத்துல குந்த யாரும் இல்லைங்க. நான் கப்பல்ல இருந்தேன்." கத்தியைக் கீழே வைத்தான். "ஓடுனதுக்குத் தண்டனை வாங்கிட்டான். ஓடாம இருந்தான் இல்ல நாலு வருஷம், அதுக்குச் சோறு போடுங்க. முடியாதுன்னா எனக்கும் வேணாம்."

மணிவேல் இலையைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்தார். நான் மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். அவர் மறுத்துவிட்டால் அந்த நிமிடமே சங்கத்தை விட்டு வெளியேறுவது என்று முடிவு கட்டியிருந்தேன். பத்துப் பேராவது என்கூட வந்திருப்பார்கள். இன்னும் பத்துப் பேர் என் முகத்திலேயே விழித்திருக்க மாட்டார்கள்.

மணிவேல் குதிகால்களைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, அணிவகுப்பில் கேட்கிற அதே குரலில் வாசலைப் பார்த்துக் கேட்டார்.

"பேர்? பதவி? எங்க இருந்த?"

சந்திரனின் கை வண்டியை விட்டது. வண்டி சரிந்து விழுந்ததை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கால்கள் தாமாகச் சேர்ந்தன, கைகள் தொடையோடு ஒட்டின. சட்டை தொளதொளவென்று தொங்குகிற அந்த நோயாளி உடம்பு எப்படி அவ்வளவு நேராக நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

"சந்திரன். சீமேன்." தான் வேலை செய்த கப்பலின் பேரைச் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. "நாலு வருஷம். அப்புறம் ஓடிட்டேன் சார்."

"உள்ள வா" என்றார் மணிவேல்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். நுனி இலைக்கு முன்னால் நின்றான், உட்காரத் தயங்கினான். ராஜாக்கண்ணு அவன் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தான். யார் கையிலோ இருந்த சோற்றுப் பாத்திரத்தை மணிவேல் வாங்கிக்கொண்டார். எழுபது வயதுக்காரர், முட்டி மடங்காது. பாத்திரத்தைக் கீழே வைத்து, ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து சந்திரனுக்கு முதலில் சோறு வைத்தார்.

"நாலு வருஷம் நின்னதுக்கு" என்றார். "ஓடுனத நான் மறக்க மாட்டேன். சாப்புடு."

"நானும் மறக்கல சார்" என்றான் சந்திரன்.

சோற்றில் கை வைத்தான், எடுத்து வாயில் வைக்க முடியவில்லை. கண்ணீர் இலையில் சொட்டியது. நகர்ந்து நின்ற இருவரில் ஒருவன் திரும்பி வந்து கறிக்குழம்புக் கரண்டியை எடுத்தான், மற்றவன் வரவில்லை. ராஜாக்கண்ணு கையை நீட்டிக் கரண்டியைத் தடுத்தான்.

"அவனுக்குக் கறி வேணாங்க. டாக்டர் கூடாதுன்னுக்கீறாரு. ரசம் இருந்தா ஊத்துங்க."

ரசம் கொண்டுவர மணிவேலே உள்ளே போனார்.